பச்சைக் காருக்குள் ஒற்றைக் காலுறை

மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய கார்களின் ஊர்வலம் ரயில்வே மேம்பாலத்தில் ஏறியபோது, ஐந்தாவதாகச் சென்ற 1956ஆம் வருடத்துப் பச்சைக் கார் பாலத்தின் உச்சியில் நின்றது. முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. உதவி வண்டியில் வந்தவர் என்ஜின் ஆறும்வரை காத்திருந்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கழற்றினார். உள்ளேயிருந்து தோல் நிறத்தில் ஒரு நீளக் காலுறை வெளியே வந்தது. காரின் முன்சீட்டில் அதன் சொந்தக்காரரான பல் டாக்டரும் அவர் மனைவியும் இருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் அதே காலுறை, பிளாஸ்டிக் உறை ஒன்றுக்குள், சாவி வெட்டும் கடையின் மேல்மாடியில் இருந்த துப்பறியும் அலுவலகத்து மேஜைமேல் கிடந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் அக்கா. இந்தப் பக்கம் டாக்டரின் மனைவி. நகர நூலகத்தில் நூலகர். ஓரமாக, கால் ஆடும் ஸ்டூலில், ரேடியோ.

அக்கா ஒரு காலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துகளை விசாரித்தவள். பிறகு தனியாகத் தொழில் தொடங்கினாள். வயது வித்தியாசமில்லாமல் எல்லாருக்கும் அவள் அக்காதான். ரேடியோ அவளுடைய உதவியாளன். நிறுத்தும் பொத்தான் இல்லாமல் பேசுவதால் வந்த பெயர். ஆனால் போன வாரத்திலிருந்து ரேடியோவின் ஒலி சற்றுக் குறைந்திருந்தது. கிடங்குத் தீ வழக்குக்கு அக்கா அவனை அழைக்கவில்லை. தன் நாத்தனார் மகனைக் கூட்டிக்கொண்டு போனாள். தடயவியல் படித்தவன், பறக்கும் கேமரா வைத்திருப்பவன். ரேடியோவிடம் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். நாலு நாற்காலியும் ஒரு மின்விசிறியும் உள்ள அலுவலகத்தில் பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று அவன் இன்றுவரை யோசித்துக்கொண்டிருந்தான்.

“இது யாரோடதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. அது போதும்,” என்றார் நூலகர். “அஞ்சு மணிக்கு டாக்சி சொல்லியிருக்கேன். எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். யாருன்னு தெரிஞ்சா தெளிவாப் போவேன். தெரியலைன்னாலும் போவேன்.”

“எப்ப திரும்புவீங்க?”

“திரும்புறதா இல்லை.”

“காருக்குள்ள வாசனை டப்பா தொங்கவிடுவாங்க, பொம்மை தொங்கவிடுவாங்க,” என்றான் ரேடியோ. “காலுறை தொங்கவிடுறவரை இப்பத்தான்...”

அக்கா பார்த்த பார்வையில் மீதி வாக்கியம் தொண்டையிலேயே நின்றது.

நூலகர் விரல்விட்டுச் சொல்லத் தொடங்கினார். புத்தகங்களை வரிசைப்படுத்திப் பழகியவர். சந்தேகங்களையும் அப்படியே அடுக்கி வைத்திருந்தார். “போன மாசம் பாதியிலேருந்து தொடர்ந்து மூணு சனிக்கிழமை. கிளினிக்குக்குப் போறேன்னு சொல்லிட்டுக் கிளம்புவார். கிளினிக்ல கேட்டா, வீட்டுக்குப் போயிட்டார்ம்பாங்க. வரும்போது கையில ஆரஞ்சு வாசனை அடிக்கும். எங்க வீட்டுல அந்த மாதிரி சோப்பே கிடையாது. அப்புறம் இது.” பையிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து விரித்தார். வலதுகைப் பட்டியில் ரோஸ் நிறக் கறை. “உதட்டுச் சாயம்.”

“உங்களுது இல்லையே?”

“நான் போடுறதே இல்லை.” நூலகர் கொஞ்சம் தயங்கினார். “ஒரு வாரமாத்தான், கதவைச் சாத்திட்டு, கண்ணாடி முன்னாடி போட்டுப் பாக்குறேன். உடனே அழிச்சிடுவேன். அதை வெளியில சொல்லாதீங்க.”

ரேடியோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“உயரமானவளா இருக்கணும். நேத்து இதை என் கால் பக்கத்துல வச்சுப் பாத்தேன். எனக்கு முழங்கால் தாண்டிப் போகுது. எவ்வளவு உயரம்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன், தூக்கமே வரலை.”

அக்கா பென்சிலின் முனையால் காலுறையைப் புரட்டினாள். பாதப் பகுதியில் விரல்களை மூடும் துணி இல்லை. அந்த இடம் கிழிந்திருக்கவில்லை. வட்டமாகத் திறந்திருக்கும்படியே நெய்து, ஓரம் தைத்திருந்தது. அந்தத் திறப்பை யாரோ மெல்லிய செம்புக் கம்பியால் கட்டி மூடியிருந்தார்கள். கம்பியின் முனைகள் உட்பக்கம் மடக்கப்பட்டிருந்தன. மேல் விளிம்பைச் சுற்றி ஒரே சீரான வட்டத் தடம். உள்ளே ஒரு கைப்பிடி துரு, ஈரம் காயாமல்.

“ஒளிச்சு வைக்கிறவங்க அவசரத்துல திணிப்பாங்க,” என்றாள் அக்கா. “இதைத் திணிக்கலை. ரேடியேட்டர் வாய்ல விளிம்பை மடிச்சுவிட்டு, சுருக்கம் இல்லாம இழுத்து, மேல ஹோஸை மாட்டி, கிளிப்பை முறுக்கியிருக்காங்க. கம்பி முனை ரேடியேட்டரைக் கீறிடக் கூடாதுன்னு மடக்கி வேற விட்டிருக்காங்க. யாருக்கோ அந்த ரேடியேட்டர் மேல ரொம்பப் பாசம்.”

“அப்ப அவரேதான். அவருக்கு என்னைவிட அதுமேலதான் பாசம்.”

அக்கா தன் தம்ளர்த் தண்ணீரில் விரலை நனைத்துச் சட்டைக் கறைமேல் வைத்தாள். ரோஸ் நிறம் இளகி நூல் வழியே ஓடியது.

“உதட்டுச் சாயம் மெழுகு மாதிரி. தண்ணியில இப்படி ஓடாது,” என்றாள். “அஞ்சு மணிக்கு முன்னாடி வீட்டுக்கு வர்றேன். டாக்சி வந்தா நிக்கச் சொல்லுங்க.”

கிளினிக்கில் இரண்டு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். டாக்டர் அவர்களைத் தாண்டி இவர்களை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வேறு இருக்கை இல்லாததால் ரேடியோ பல் பிடுங்கும் நாற்காலியில் உட்கார வேண்டியதாயிற்று. அது தானாகப் பின்னால் சாய்ந்தது.

“சத்தியமா அந்தக் காலுறை யாரோடதுன்னு எனக்குத் தெரியாது,” என்றார் டாக்டர்.

“நம்புறேன். சனிக்கிழமை எங்க போனீங்க?”

“அதைச் சொல்ல முடியாது. ஒருத்தர் மனசு புண்படும்.”

“டாக்டர், கிரீஸ் படிஞ்ச கையைக் கழுவ ஒரு பசை இருக்கு. ஆரஞ்சுத் தோல் எண்ணெய்ல பண்றது. அதுதான் சனிக்கிழமை உங்க கையில மணந்தது. உங்க சட்டையில இருக்கிறது, என்ஜின் சூட்டைத் தணிக்க ஊத்துற ரோஸ் கலர் கூலன்ட். நீங்க போனது பட்டறைக்கு. புதுப் பட்டறை. புண்படப் போறது பழைய பட்டறைக்காரர் மனசு.”

டாக்டர் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு முகமூடியைக் கழற்றினார்.

“மீசைக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டார்.”

மீசை என்பது, டாக்டரின் அப்பா காலத்திலிருந்து அந்தக் காரைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக். ஜனவரி முதல் கார் லேசாகச் சூடேறியது. மீசையிடம் சொன்னால், வயசான உடம்பு, சுடத்தான் செய்யும் என்றுவிட்டார். பைபாஸ் ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட புதுப் பட்டறை ஒன்று திறந்திருந்தது. டாக்டர் யாருக்கும் தெரியாமல் அங்கே போனார்.

“வாய் கொப்பளிக்கிற மாதிரிதான்,” என்று விளக்கினார். சொல்லும்போது அவர் முகம் தெளிந்தது. “என்ஜினுக்குள்ள தண்ணி ஓடுற வழியெல்லாம் வருஷக்கணக்கா துரு படிஞ்சிருக்கும். அவங்ககிட்ட ஒரு மெஷின் இருக்கு. தண்ணியைத் தலைகீழாத் தள்ளிக் கழுவும். பெயர்ந்து வர்ற துருவை வடிகட்டி எடுத்துட்டு, புதுசா கூலன்ட் ஊத்துவாங்க. மூணு தடவை பண்ணினாங்க. மீசை ஊத்துறது பச்சை. இவங்க ஊத்துறது ரோஸ்.”

“இதை வீட்டுல சொல்றதுக்கு என்ன?”

“அவ தினம் காலையில மீசை சம்சாரத்தோடதான் நடக்கப் போறா. மத்தியானத்துக்குள்ள மீசை காதுக்குப் போயிடும்.”

சாய்ந்த நாற்காலியிலிருந்து ரேடியோவின் குரல் மட்டும் வந்தது. “கள்ளக்காதல் பண்றவன்கூட இவ்வளவு ஜாக்கிரதையா இருக்கமாட்டான் டாக்டர்.”

“நீங்க என் சம்சாரத்துகிட்ட என்ன வேணும்னாலும் சொல்லிக்கங்க,” என்றார் டாக்டர். “மீசைகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

அக்கா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பைபாஸ் ரோட்டுப் பட்டறைக்கு ஃபோன் போட்டாள். அவர்கள் போட்டது இரும்பு வலை வடிகட்டி. மார்ச் ஒன்றாம் தேதி கடைசியாகக் கழுவி முடித்ததும் அதையும் எடுத்துவிட்டார்கள். காலுறையா என்று கேட்டு அங்கே யாரோ சிரிப்பது ரேடியோவுக்கே கேட்டது.

“ஒண்ணாம் தேதிக்கும் ஊர்வலத்துக்கும் நடுவுல கார் வேற யார்கிட்ட இருந்துச்சு?”

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீசைகிட்ட விட்டேன். டயருக்குக் காத்து, அப்புறம் பாலிஷ். சனிக்கிழமை காலையில எடுத்துட்டேன். பானெட்டைத் திறக்க வேண்டாம்னு சொல்லிட்டுத்தான் விட்டேன்.”

“இத்தனை வருஷமாத் திறக்கிறவர்கிட்ட, திறக்க வேண்டாம்னு சொன்னீங்க.”

“ஆமா.”

“பீரோவைத் திறக்காதேன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டு ஊருக்குப் போன மாதிரி,” என்றான் ரேடியோ. நாற்காலியிலிருந்து எழ அவனுக்கு இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

வழியில் அக்காவின் ஃபோன் அடித்தது. நாத்தனார் மகன். “வேலையா இருக்கேன்ப்பா, அப்புறம் பேசறேன்ப்பா,” என்று வைத்தாள். பிறகு, “டேய் ரேடியோ, இடதுபக்கம் வண்டி வருதா பாரு,” என்றாள்.

அவனுக்கு ‘ப்பா’, எனக்கு ‘டேய்’ என்று ரேடியோ மனசுக்குள் குறித்துக்கொண்டான். இடதுபக்கம் பார்த்துச் சொன்னான். வழக்கம்போல் கூடவே ஒரு ஜோக் சொல்லவில்லை.

மீசையின் பட்டறை, இரண்டு கிடங்குகளுக்கு நடுவில், தகரக் கூரையின் கீழ் இருந்தது. சுவரில் ஸ்பானர்கள் அளவுவாரியாகத் தொங்கின. நடுவில் ஒரு கார் நிற்கும் அளவுக்கு இடம் துடைத்து, காலியாக வைக்கப்பட்டிருந்தது. மீசை பெரிய உருவம். வைஸ் இடுக்கியில் பிடித்த ஒரு இரும்புத் துண்டை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். இடது காலைத் தூக்கி ஒரு மரப்பெட்டிமேல் வைத்திருந்தார்.

“கார் பாலத்துல நின்னுபோச்சாமே. கேள்விப்பட்டேன்,” என்றார், அரத்தை நிறுத்தாமல்.

அக்கா பிளாஸ்டிக் உறையை எடுத்து வைஸுக்குப் பக்கத்தில் வைத்தாள். மீசை அதைப் பார்க்கவில்லை. அன்று மதியத்திலிருந்து அந்தக் காலுறையைப் பார்த்த அத்தனை பேரும் கண்ணை எடுக்காமல் பார்த்தார்கள். கிளினிக்கில் பல்வலிக்காரர்கூட வலியை மறந்து பார்த்தார். இவர் ஒருவர்தான் பார்க்கவில்லை.

“இதைப் பத்தி உங்களுக்குத் தெரியுமா?”

“எனக்கு என்னம்மா தெரியும்? நான் காத்தடிக்கிறவன், பாலிஷ் போடுறவன். உள்ள என்ன போச்சு, என்ன வந்துச்சுன்னு பைபாஸ் ரோட்ல கண்ணாடிக் கதவு வச்சிருக்கானே, அவன்கிட்ட போய்க் கேளுங்க.”

அக்கா வாயைத் திறந்தாள். டாக்டர் உயிரைக் கொடுத்து மறைத்தது இவருக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கப் போகிறாள் என்பது ரேடியோவுக்குத் தெரிந்தது. கேட்டால் மீசை அரத்தைக் கீழே வைத்துவிட்டு ஊமையாகிவிடுவார் என்பதும் தெரிந்தது. ஏனென்றால் அந்தக் குரல் அவனுக்குப் பழக்கமான குரல். போன வாரம் அக்கா ஒரு சந்தேகம் கேட்டபோது அதே குரலில் அவன் சொல்லியிருந்தான்: எனக்கு என்ன தெரியும், பறக்கிற கேமரா வச்சிருக்கானே, அவனைக் கேளுங்க.

அவன் அக்காவுக்கு முன்னால் போய், கவிழ்த்து வைத்த டயர்மேல் உட்கார்ந்தான். ஃபோனை எடுத்து மீசைக்கு நேரே நீட்டினான்.

“அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க. இது எங்க அக்காவோட நாத்தனார் பையன். படிச்ச பையன். இது அவன் கேமரா மரத்துல மாட்டிக்கிட்டது. இது அதை எடுக்கிறேன்னு ஏறி அவனும் மாட்டிக்கிட்டது. இது, எரிஞ்ச பெட்டி மேலயே டீயைக் கொட்டினது. மொத்தம் பதினொண்ணு இருக்கு.”

“நீ அன்னிக்கு ஆபீஸ்ல இல்லையா?” என்றாள் அக்கா.

“பூட்டிட்டு, பஸ் புடிச்சுப் பின்னாடியே வந்தேன்.”

மீசை அரத்தை நிறுத்தியிருந்தார். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். டீ கொட்டிய படத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றார்.

“இதை எப்ப காட்டப் போற?”

“சமயம் பாத்துத்தான்.”

மீசை ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார். “நானும் சமயம்தான் பாத்தேன் தம்பி,” என்றார்.

அக்கா சத்தமில்லாமல் இன்னொரு டயரில் உட்கார்ந்தாள்.

“பானெட்டைத் திறக்காதீங்கன்னார். அவர் அப்படிச் சொன்னதே இல்லை. கார் போன அடுத்த நிமிஷம்... போகலை, கார் இங்கதான் இருக்கு, அவர் போனாரு. திறந்தேன். மூடியைக் கழட்டினா உள்ள ரோஸ் கலர்ல தண்ணி.” மீசையின் குரல் இறங்கியது. “நான் பாத்துப் பாத்து வச்சிருந்த என்ஜின்ல இன்னொருத்தன் ஊத்தின தண்ணி. ஹோஸ்ல இருக்கிற கிளிப்பும் என்னோடது இல்லை. அவனோட கிளிப்பு. பளபளன்னு.”

“வேற யாருக்கும் புரியாது,” என்றான் ரேடியோ. “எனக்குப் புரியுது.”

“அவன் மெஷினை வச்சு வேகமாத் தள்ளியிருக்கான். அந்த வேகத்துல துரு பெயர்ந்திருக்கும், ஆனா எல்லாம் வெளிய வந்திருக்காது. மேட்டுல ஏறினா மீதியும் வரும்னு எனக்குத் தெரியும். ஹோஸ்ல ஒரு வடிகட்டி வச்சுட்டா அத்தனையும் அதுல சிக்கிடும். ஊர்வலம் முடிஞ்சு டாக்டர் வருஷா வருஷம் நேரா இங்கதான் வருவார். அவர் கண்ணு முன்னாடியே கழட்டி உதறி, பாருங்க டாக்டர், உங்க புது ஆள் கழுவின லட்சணத்தைன்னு சொல்லணும். ரெண்டு நாளா அதைத்தான் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

“டாக்டர் வீட்டுல அம்மா சட்டையை மோந்து பாக்குறாங்க. நீங்க தண்ணியை வடிகட்டிப் பாக்குறீங்க,” என்றாள் அக்கா. “ஆனா வடிகட்டியே அடைச்சுக்கிச்சு.”

“சாதாரண நைலான் காலுறையா இருந்தா தண்ணி போயிருக்கும், துரு மட்டும் நின்னிருக்கும். எங்க தொழில்ல பண்றதுதான். ஆனா அதுக்கு என் வீட்டுல கேக்கணும். பொம்பளைக் காலுறை உனக்கு எதுக்குன்னு அவ கேட்டா, நான் என்னத்தைச் சொல்ல? கையில இருந்தது இதுதான். இது ரொம்ப இறுக்கம்.”

“உங்க இடது காலை நாங்க வந்ததுலேருந்து நீங்க கீழ வைக்கவே இல்லை.”

மீசை கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். பிறகு வலது கால் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டினார். உள்ளே, தோல் நிறத்தில், விரல் பக்கம் திறந்த காலுறை. பிளாஸ்டிக் உறைக்குள் இருந்ததன் ஜோடி. “வெரிகோஸ், கால் நரம்பு புடைச்சுக்கும். நாள் பூரா நிக்கிறேன்ல. டாக்டர் எழுதிக் கொடுத்தது. பல் டாக்டர் இல்லை, வேற டாக்டர். பட்டறைக்காரங்களுக்குத் தெரிஞ்சா சிரிப்பாங்கன்னு வெளியில சொல்றதில்லை.”

“டாக்டர் சம்சாரம் அஞ்சு மணிக்கு வீட்டை விட்டுப் போறாங்க,” என்றாள் அக்கா.

“எதுக்கு?”

“இது போட்ட பொம்பளை யாருன்னு தெரியாம.”

மீசை தன் காலைப் பார்த்தார். பிறகு உறையைப் பார்த்தார், அன்று முதல் முறையாக. “ஐயோ, அம்மாவா?” என்று, பேன்ட்டைக்கூட இறக்காமல் வாசலுக்கு நடந்தார்.

டாக்சி வந்து கேட்டுக்கு வெளியே நின்றிருந்தது. நூலகர் சூட்கேஸுடன் படியில் நின்றார். அக்கா ஃபோன் செய்திருந்ததால் டாக்டரும் கிளினிக்கிலிருந்து கோட்டோடு ஓடி வந்திருந்தார். மீசையைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது.

மீசை படியின் கீழே போய் நின்று, வலது காலை ஒரு பூந்தொட்டியின் விளிம்பில் தூக்கி வைத்தார். அக்கா உறையிலிருந்து மற்றதை எடுத்துப் பக்கத்தில் பிடித்தாள். ஒரே நிறம், ஒரே நீளம். காலில் இருந்ததற்குள் கருமயிர் அமுங்கிக் கிடந்தது.

நூலகர் இறங்கி வந்து இரண்டையும் பார்த்தார். அக்கா எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொன்னாள்: பைபாஸ் பட்டறை, ரோஸ் நிறத் தண்ணீர், ஆரஞ்சுப் பசை, வடிகட்டி. டாக்டரின் தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின. கடைசியில் அவர் சிரிக்கவே தொடங்கியிருந்தார்.

“பாத்தியாம்மா? ஒண்ணுமே இல்லை.”

“மூணு வாரம் என்கிட்ட பொய் சொன்னீங்க,” என்றார் நூலகர். “இவர் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு.”

“ஆமாம்மா. இத்தனை வருஷப் பழக்கம் இல்லையா?”

“என் மனசு?”

டாக்சிக்காரர் என்ஜினை அணைத்தார். மீசை மெதுவாகக் காலை இறக்கிக்கொண்டார்.

“நான் சந்தேகப்பட்டதுல தப்பே இல்லை,” என்றார் நூலகர். “ஆளைத்தான் தப்பாப் புடிச்சிருக்கேன்.”

சூட்கேஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் வேறொரு பையுடன் வந்தார். மேலே அந்த வெள்ளைச் சட்டை மடித்து வைக்கப்பட்டிருந்தது. பையை டாக்சியின் பின்சீட்டில் வைத்துவிட்டு மீசையிடம் திரும்பினார்.

“உங்க வீட்டுல இடம் இருக்கா?”

“ஹால்ல ஒரு கட்டில் இருக்கும்மா.”

“அது போதும் இவருக்கு.”

திரும்பும் வழியில் அக்கா வண்டி ஓட்டினாள். சிக்னலில் நின்றபோது, “அன்னிக்கு பஸ் ஸ்டாப் தூணுக்குப் பின்னாடி உன் தலை தெரிஞ்சது,” என்றாள்.

“தெரிஞ்சும் ஏன் கூப்பிடலை?”

“நீ என்னதான் பண்றேன்னு பாக்கலாம்னு இருந்தேன். டேய், அந்த மரத்துல ஏறின படத்தை எனக்கு அனுப்பு. எங்க நாத்தனாருக்குக் காட்டணும்.”

ரேடியோ அனுப்பினான். பிறகு பதினொரு படங்களில் பத்தை அழித்தான்.

டாக்டர் சனிக்கிழமை வரை மீசை வீட்டு ஹாலில் படுத்திருந்தார். அன்று மாலை நூலகர் நேரில் வந்து அவரை அழைத்துப் போனார். பச்சைக் காரின் ரேடியேட்டர் பழுதில்லாமல் தப்பியது. என்ஜினில் சூட்டால் கெட்டுப்போன ஒரு கேஸ்கெட் தகட்டை மாற்ற வேண்டியிருந்தது. மீசை மாற்றிக் கொடுத்தார். ஏப்ரல் முதல் கார், நூலகர் சொன்னதன் பேரில், பைபாஸ் ரோட்டுப் பட்டறைக்குப் போகிறது.